வரி வாங்கும் ஊராட்சி படிப்பகமும் தரட்டும்

கிராம சபைக் கூட்டத்தில் நம் மக்கள் எழுந்து கேட்பது பெரும்பாலும் மூன்றுதான்: குடிநீர், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை. இவை கேட்டு வாங்க வேண்டியவையே அல்ல, என்றைக்கோ வந்திருக்க வேண்டியவை. ஆண்டுக்கணக்கில் இவற்றையே கேட்டுக் கேட்டு, வேறு எதையும் கேட்க வாய் வராத நிலைக்கு வந்துவிட்டோம். மாலையில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஓர் இடம், அங்கன்வாடிக்குச் சொந்தக் கட்டடம், கூலி வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தையை நம்பி விட்டுச் செல்ல ஓர் ஏற்பாடு என்று யாராவது பேச்செடுத்தால், "அதுக்கெல்லாம் நிதி இல்லை, மேலே மனு கொடுங்க" என்று பதில் வருகிறது. சில ஊர்களில் சிரிப்பும் வருகிறது.

சிரிக்க இதில் ஒன்றுமில்லை. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளை அதன் வழி வந்த பதினோராவது அட்டவணை பட்டியலிடுகிறது. கல்வி, நூலகம், மகளிர் குழந்தைகள் நலம், சமூக நலம் எல்லாம் அதில் உண்டு. நலிந்த பிரிவினர், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலம் 27-ஆவதாகத் தனியாகவே இருக்கிறது. எந்தத் துறையை எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநிலங்களிடம் விட்டுவிட்டதால், நம் ஊராட்சிகளின் கை நீளம் குறைவுதான். அங்கன்வாடிப் பணியாளரை ஊராட்சித் தலைவர் நியமிக்க முடியாது. ஆனால் கட்டடம் வேண்டும் என்று கிராம சபை தீர்மானம் போடலாம், இடம் காட்டலாம், ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பலாம். அதைக்கூடச் செய்யாமல் கையை விரிப்பதுதான் தவறு.

நிதி இல்லை என்பதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. 15-ஆவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரையிலான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டி வைத்தது. மீதி 40 சதவீதத்தை அந்த 29 துறைகளில் ஊருக்குத் தேவையான எதற்கும் செலவிடலாம், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் கூடாது. அந்தப் பணம் எந்தத் தெருவுக்குப் போனது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஊர்த் தெருவில் பேவர் பிளாக் கல் பதித்து மிஞ்சியதுதான் நமக்கு என்ற கணக்கு இனிச் செல்லக் கூடாது.

நூலக விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வாங்கும் வரி இது. தொகுப்பு வீட்டுக்காரரும் கட்டுகிறார், மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகங்களும் கட்டினார்கள். பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருந்தாலும் அது ஊர் நடுவில் இருந்தால் நம் பிள்ளைகள் தயங்கித்தான் படியேறுகிறார்கள். ஒரே அறை வீட்டில், சமையல் புகைக்கும் டிவி சத்தத்துக்கும் நடுவே பத்தாம் வகுப்புப் பாடம் படிக்கிற பிள்ளைக்கு, மாலை 6 மணி முதல் 9 மணி வரை சமுதாயக் கூடத்தைத் திறந்து, இரண்டு விளக்கு, நாலு பெஞ்சு, பாடப் புத்தகம், நாளிதழ் போட்டுக் கொடுத்தால் ஊராட்சி ஏழையாகிவிடாது. சொல்லிக் கொடுக்கப் பட்டதாரிகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

('காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் பேரவையில் அறிவித்தார். வரவேற்போம். பலகையில் பெயர் மாறுகிறபோதே கூடத்துக்கு ஒரு மின் இணைப்பும் வரட்டும்.)

தலைவர் நாற்காலி நம்மவருக்கு ஒதுக்கப்பட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் 2020-இல் பட்டியல் சாதிப் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்டதை நாடே படத்தில் பார்த்தது. ஆகவே யார் தலைவர் என்பதோடு, கூட்டத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் முக்கியம். ஆண்டுக்கு ஆறு முறை கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொரு முறையும் ஊருக்குள்ளேயே நடத்தாமல் குக்கிராமங்களிலும் சுழற்சி முறையில் நடத்த வேண்டும். மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக் கூடாது. கோயில் வாசலில் கூட்டம் போட்டால் நம்மில் பாதிப் பேர் தெருமுனையிலேயே நின்றுவிடுவோம் என்பது தெரிந்ததுதானே. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

இதில் மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கோரிக்கையை எழுத்தில் கொண்டு போங்கள். எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எத்தனை பிள்ளைகள், தோராயமாக எவ்வளவு செலவு என்று ஒரு பக்கம் போதும். இரண்டு படி எடுத்து ஒன்றில் ஊராட்சிச் செயலரிடம் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வரவு செலவுக் கணக்கை மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெரியவர்களிடம் நூறு நாள் வேலை அட்டையைக் காட்டி வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தீர்மானப் பதிவேட்டில் படிப்பகம் என்ற வரி இருக்கிறதா என்று சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு அம்மாவும் தாத்தாவும் கைநாட்டு வைக்கட்டும்.