மண்ணுக்குள் இருப்பது யாருக்கு உரியது?

சொந்த நிலம் உடையவர் எவருக்கும், அதன் அடியில் ஏதேனும் புதைந்து கிடக்குமோ என்னும் எண்ணம் வாழ்நாளில் ஒரு முறையேனும் எழாமற் போவதில்லை. கிணறு வெட்டும்போது செப்புக் குடம் தட்டுப்பட்டது என்றும், பழஞ்சுவரை இடிக்கையில் காசுப் பானை உடைந்தது என்றும் திண்ணைகளில் பேசப்படும் கதைகளுக்கு நம் நாட்டில் என்றும் குறைவிருந்ததில்லை. முன்னாளில் அப்பேச்சு திண்ணையோடு முடிந்துவிடும். இந்நாளிலோ மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகங்காட்டும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, பேச்சு செயலாகிவிட்டது. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தோட்டத்தோடு கூடிய பழைய வீடுகளை உடைய நம் அங்கத்தினர் குடும்பங்கள் சிலவற்றில், இளைஞர்கள் இக்கருவியை வாங்கித் தங்கள் மனைகளைச் சோதிக்கத் தொடங்கியுள்ளனர். இது தக்கதா தகாததா என்று அங்கத்தினர் சிலர் நம்மை வினவியிருக்கின்றனர். நம் கருத்தை ஒளிவுமறைவின்றிக் கூறுவது கடமை எனக் கருதுகிறோம்.

கருவியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கம்பிச் சுருளில் மின்சாரத்தைச் செலுத்திக் காந்தப் புலம் உண்டாக்கி, அப்புலத்தில் உலோகம் குறுக்கிடும்போது எழும் மாறுதலை ஒலியாக்கிக் காட்டுவதே இதன் இயக்கம். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல், 1881-ஆம் ஆண்டு சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே தங்கியுள்ளது என்றறிய இத்தகைய கருவியொன்றைக் கையாண்டார். கட்டிலின் எஃகு வில்கள் குறுக்கிட்டமையால் முயற்சி பலிக்கவில்லை என்பர். இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டுப் பொறியியல் அதிகாரி கொசாட்ஸ்கி அமைத்த கருவி, கண்ணிவெடிகளைக் கண்டறிந்து ஆயிரக்கணக்கான வீரர்களின் உயிரைக் காத்தது. உயிர்காத்த கருவி புதையல் வேட்டைக்கு வந்து சேர்ந்திருப்பது காலத்தின் போக்கு.

புதிதாகக் கருவியைக் கையில் எடுப்பவருக்கு நேர்வது என்ன? மயிலாப்பூரில் நம் அங்கத்தினர் ஒருவரின் இல்லத்துப் பின்புறத் தோட்டத்தில் அக்குடும்பத்து இளைஞர் செய்த சோதனையை எடுத்துக்காட்டாகக் கூறலாம். முதல் நாள் மாலையில் அகப்பட்டவை சோடாப் புட்டி மூடிகள், வளைந்த ஆணிகள், மாத்திரை உறையின் அலுமினியத் தகடுகள். கடற்கரையில் முயன்றபோதோ கருவி ஓயாது கத்திற்று. உப்பு நீர் ஊறிய ஈர மணலும் மின்சாரத்தைக் கடத்தும் ஆதலின், கருவி அதனையும் உலோகமென்றே மயங்குகிறது. இரண்டாம் வாரத்தில் தோட்டத்தில் ஒரு மாட்டு லாடம் கிடைத்தது. மூன்றாம் வாரத்தில் நடுவே ஓட்டையிட்ட காலணா ஒன்று. உலகப் போர்க் காலத்து உலோகத் தட்டுப்பாட்டில், 1943-ஆம் ஆண்டு முதல் அச்சிடப்பட்ட காசு அது. அந்த இல்லத்துப் பாட்டியார் அதனைக் கையில் வாங்கி, அந்நாளில் காலணாவுக்கு என்னவெல்லாம் கிடைத்தன என்று பேரனுக்கு நெடுநேரம் கூறினாராம். இதுவரை நிகழ்ந்தவற்றில் தீங்கு சிறிதும் இல்லை. பொழுதுபோக்கும் அறிவும் கலந்த முயற்சி என்றே சொல்லலாம்.

நான்காம் வாரத்தில்தான் நாம் கவலைகொள்ளத்தக்கது நிகழ்ந்தது. கிணற்றடியில் கருவி அழுத்தமாக ஒலிக்கவே, இளைஞர் கடப்பாரை கொண்டு இரண்டடி ஆழம் தோண்டினார். கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் கூடை கூடையாக வந்தன. அவற்றை ஒதுக்கித் தள்ளி மேலும் தோண்டியதில், முடிவில் கிட்டியது துருப்பிடித்த நீர்க்குழாய்த் துண்டு ஒன்றே. ஓடுகள் மறுநாள் குப்பையோடு குப்பையாகப் போயின. அவை ஐம்பது ஆண்டுக்கு முற்பட்ட சமையற் பானைகளோ, ஐந்நூறு ஆண்டுக்கு முற்பட்டவையோ, அதனினும் பழமையானவையோ, இனி எவராலும் கூற இயலாது. கருவி உலோகத்தையே காட்டும், ஓட்டைக் காட்டாது. கருவியின் ஒலியை மட்டும் கேட்பவர் கண்ணுக்கும் ஓடு தெரிவதில்லை.

நெசவாளரும் உழவருமான நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய அகழாய்வு நடைபெற்ற இடம் தனியாருக்கு உரிய தென்னந்தோப்பு. நம் குடும்ப நிலங்களைப் போன்ற நிலமே அது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், அங்கே நெசவுத் தொழில் நடைபெற்றதற்குச் சான்றுகளாக நூல் நூற்கும் தக்களிகள், கூர்முனை கொண்ட எலும்புக் கருவிகள், தறியில் தொங்கவிடும் கற்கள், சுடுமண் குண்டுகள், செம்பினாலான ஊசி முதலியவை குறிக்கப்பட்டுள்ளன. இவற்றுள் உலோகங்காட்டும் கருவி ஒலிக்கக்கூடியது செப்பு ஊசி ஒன்றற்கே. கருவியோடு ஒருவர் அத்தோப்பில் நுழைந்து, ஊசி கிடந்த இடத்தைக் குடைந்து அதனை மட்டும் எடுத்துச் சென்றிருப்பாராயின், நம் முன்னோர் வைகைக்கரையில் தறி போட்டு நெய்தனர் என்னும் செய்தி சிதைந்து போயிருக்கும். ஊசி மட்டும் ஒரு பேழையில் இருக்கும். அதனால் தைத்தவர் யார், அருகே நூற்றவர் யார் என்பதற்கு விடை இராது. ஒரு பொருளின் மதிப்பில் பாதி அது கிடந்த இடத்திலும் அதனோடு கிடந்த துணைப் பொருள்களிலும் உள்ளது.

சென்னையைச் சுற்றிலும் இவ்வுண்மைக்குச் சான்றுகள் உண்டு. 1863-ஆம் ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் புரூஸ் ஃபூட் என்னும் நில ஆய்வாளர் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவி, இந்நாட்டின் தொன்மை ஆராய்ச்சிக்கே வித்திட்டது. அதுவோ வெறுங் கல். எந்தக் கருவியும் அதற்காக ஒலித்திராது. கிரேக்க ஆசிரியர் தாலமி குறித்த துறைமுகங்களுள் ஒன்று மயிலாப்பூரே என்று அறிஞர் பலர் கருதுவர். அத்தகைய ஊரில் பழைய வீடுகள் நாள்தோறும் இடிக்கப்படுகின்றன. 1920-களில் பேரேரி ஒன்றைத் தூர்த்து அமைத்த தியாகராய நகரிலும் அடுக்குமாடிகளுக்கென ஆழ்ந்த குழிகள் தோண்டப்படுகின்றன. வெளிவரும் மண் இரவோடிரவாக லாரியில் போகிறது. இளைஞரின் கடப்பாரையை மட்டும் கண்டித்து, இதனைக் காணாதிருப்பது நேர்மையாகாது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து அகப்பட்ட, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டவர், அதன் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றைக் குறித்துக் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். சொந்த நிலமாயினும் இக்கடமை உண்டு. அறிவிக்கத் தவறினால் பங்கை இழப்பதோடு, ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ நேரலாம். முறைப்படி அறிவித்து, அப்பொருள் உரியவரற்றது எனத் தீர்ப்பானால், கண்டவருக்கும் நில உடையவருக்கும் வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முக்காற் பங்கு கண்டவருக்கும் காற்பங்கு நில உடையவருக்கும் சேரும். நூறாண்டு கடந்த கலைப்பொருளை வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் தடுக்கிறது. சட்டம் கண்டவரைக் கைவிடவில்லை என்பதை அங்கத்தினர் அறிதல் நலம்.

ஆயினும், சட்டத்தில் குறையே இல்லை என்று நாம் கூறமாட்டோம். 1878-இல் பத்து ரூபாய் என்பது பெருந்தொகை. இன்று சென்னையில் ஒரு குவளைத் தேநீருக்கே அது போதுவது அரிது. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அரசாங்கம் புதையலை எடுத்துக்கொள்ள விரும்பினால், அதிலுள்ள உலோகத்தின் விலையோடு அதில் ஐந்திலொரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது சட்டம். பொன்னாயின் கவலையில்லை. கிடைத்தற்கரிய பழைய செப்புக் காசாயின், செம்பின் விலைதானே வரும்? உண்மையை மறைப்பவனுக்கு உருக்குக் கொட்டிலிலோ கள்ளச் சந்தையிலோ அதனினும் கூடுதலாகக் கிடைக்குமென்றால், சட்டமே நேர்மைக்கு அபராதம் விதிக்கிறது என்றன்றோ பொருள்?

பிற நாட்டு அனுபவம் இதற்கு வழிகாட்டும். 1992-ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் என்னும் சிற்றூரில், குடியானவர் ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடி எரிக் லாஸ் என்பவர் உலோகங்காட்டும் கருவியோடு சென்றார். அவர் கண்டது உரோமானியர் காலத்துப் பொன், வெள்ளிக் காசுகளின் பெருங்குவியல். முழுவதையும் தோண்டி எடுக்காமல் அவர் உடனே அதிகாரிகளுக்கு அறிவித்தார். ஆராய்ச்சியாளர் வந்து பெட்டி கிடந்த நிலை கெடாமல் எடுத்தனர். ஏறத்தாழ 15,000 காசுகள் கிடைத்தன. 17½ லட்சம் பவுன் வெகுமதியாக வழங்கப்பட்டது. அதனை அவர் குடியானவரோடு பகிர்ந்துகொண்டார். தேடிச்சென்ற சுத்தியலும் அகப்பட்டு, இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது. பொருளின் உண்மை மதிப்பை அந்நாடு கொடுத்தது. மக்கள் உண்மையைச் சொல்ல முன்வருகின்றனர்.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் நோக்குவோம். குடவோலைக் கல்வெட்டால் புகழ்பெற்ற உத்திரமேரூரில், 2020 டிசம்பரில் கோயில் திருப்பணியின்போது அரைக் கிலோவுக்கு மேற்பட்ட பொற்பொருள்கள் கிடைத்தன. ஊர் மக்கள் அவற்றை அதிகாரிகளிடம் ஒப்படைக்க முதலில் இசையவில்லை. பேச்சுவார்த்தைக்குப் பின்னரே ஒப்படைத்தனர். அவர்களைப் பேராசைக்காரர் என இகழ்தல் தவறு. கொடுத்த பொருள் எங்கே போகும், திரும்பக் காண்போமா என்னும் ஐயமே தயக்கத்துக்குக் காரணம். தனி மனிதனுக்கு இவ்வையம் பன்மடங்காகும். அலுவலகப் படிகளில் அலைவதற்கும், வீண்பழி வந்து சேருமோ என்பதற்கும் அஞ்சியே பலர் வாய்மூடி இருக்கின்றனர்.

இங்கேதான் கூட்டுறவின் பணி தொடங்குகிறது. வட்டிக்கடைக்காரர் வாசலில் தனியாக நின்ற நெசவாளி அஞ்சினான். சங்கமாகச் சேர்ந்தபின் நிமிர்ந்து நின்றான். நூலுக்கும் விதைக்கும் பொருந்தியது இதற்கும் பொருந்தும். ஆதலின் நாம் கூறும் யோசனைகள் இவை.

முதலாவது, வீட்டுக்கொரு கருவி வாங்காமல், சங்கமே ஒன்றை வாங்கிப் பதிவேட்டில் குறித்து இரவல் கொடுக்கலாம். வயலில் தொலைந்த மோதிரத்தையும், உடைந்து புதைந்த கொழுவையும், பழைய இரும்புக் குழாயின் போக்கையும் காண அது பயன்படும். தீவனத்தோடு கம்பியையும் ஆணியையும் விழுங்கி மாடுகள் மாள்வதை உழவர் அறிவர். மேய்ச்சல் நிலத்தைக் கருவியால் சுத்தம் செய்வது ஒன்றே அதன் விலைக்கு ஈடாகும். இரண்டாவது, ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எவரும் தோண்டலாகாது. பானை ஓடோ, எலும்போ, பழஞ்செங்கல்லோ தென்பட்டால் அந்த இடத்திலேயே கையை நிறுத்தி, படம் எடுத்து, மண்ணை மூடிவிட வேண்டும். மூன்றாவது, கலெக்டருக்கு அறிவிக்கும் கடிதத்தைச் சங்கத்தின் காரியதரிசி எழுதிக்கொடுத்து, ரசீது கைக்கு வரும்வரை அங்கத்தினருக்குத் துணை நிற்க வேண்டும். நான்காவது, பழம்பொருளுக்கு அதன் தொன்மைக்கேற்ற விலை கொடுக்கவும், கண்டவர் பெயரைக் காட்சிப் பேழையில் பொறிக்கவும் சட்டத்தைத் திருத்துமாறு சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றி அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும்.

எழும்பூர்ப் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் தலைமை நிலையத்துக்குச் செல்லும் அங்கத்தினர், அதே சாலையில் 1851-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு அருங்காட்சியகத்தையும் ஒரு முறை பார்த்துவருவார்களாக. அங்குள்ள செப்புத் திருமேனிகளிலும் காசுகளிலும் பல, ஏதோ ஓர் உழவரின் கொழுவிலோ கூலியாளின் மண்வெட்டியிலோ தட்டுப்பட்டவை. அவர்கள் மறைத்திருந்தால் அவை என்றோ உருகியிருக்கும். நிலம் நமக்கு உரியது. அதனை நமக்கு முன் உழுதவரும் நெய்தவரும் விட்டுச்சென்ற செய்தி நம் எல்லோருக்கும் உரியது. அதனைக் காப்பதற்கு அங்கத்தினர்க்கு வேண்டுவது நேர்மை. அந்நேர்மை எவரையும் வருத்தாதபடி பார்த்துக்கொள்வது சங்கத்தின் பொறுப்பு.