ஓய்வு யாருக்கு?

வாரம் முழுவதும் இரயிலிலும் பேருந்திலும் நெருக்குண்டு வேலைக்குச் சென்று திரும்பும் நகரக் குடும்பங்களுக்கு, சனி, ஞாயிறு என்னும் இரண்டு நாட்களே மூச்சுவிடும் வேளை. அதிலும் பலருக்கு ஒரு நாள்தான். அந்தச் சொற்ப நேரத்தில் மெய்யான இளைப்பாறுதலைப் பெறுவது எப்படி? ஸ்காட்லாந்து தேசத்தின் ஒரு தீவில் கழியும் வாரக்கடைசி இதைக் குறித்து நமக்குச் சில காரியங்களைக் கற்றுத் தருகிறது.

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலில் லூயிஸ், ஹாரிஸ் என்று இரண்டு பெயர்களைக் கொண்ட ஒரே தீவு உண்டு. அல்லாப்பூல் துறைமுகத்தில் கப்பலேறினால் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரத்தில் அதன் முக்கிய ஊராகிய ஸ்டோர்னவேயை அடையலாம். அங்கே மரங்கள் குறைவு. எங்கு நோக்கினாலும் புல்வெளி, சிறு ஏரிகள், ஆட்டு மந்தைகள். வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கும் கருமண் நிறைந்த சதுப்பு நிலங்கள். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி கடந்த பின்னரே சூரியன் மறைகிறது.

சனிக்கிழமையன்று பிரயாணிகள் காலனிஷ் என்னும் இடத்தில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் நிறுத்தப்பட்ட பெருங்கற்களைக் காண்பார்கள். ஹாரிஸ் பகுதியிலுள்ள லஸ்கென்டையர் கடற்கரையின் வெண்மணலில் காலாற நடப்பார்கள். உலகப் புகழ்பெற்ற ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணி இத்தீவுகளிலேயே நெய்யப்படுகிறது. நெசவாளர் தம் வீட்டிலேயே கைத்தறியில் நெய்தால்தான் அந்தப் பெயர் செல்லும் என்று 1993-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

சனிக்கிழமை மாலையில் பிரயாணிகள் மறவாமல் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. மறுநாளுக்கான ரொட்டி, பால் முதலியவற்றை அன்றே வாங்கி வைத்துவிட வேண்டும். ஏனெனில் ஞாயிறன்று தீவின் பெரும்பாலான கடைகளும் உணவகங்களும் மூடப்பட்டிருக்கும். பழைய வழக்கத்தைக் கைக்கொள்ளும் வீடுகளில் அன்று துணியைக்கூடக் கொடியில் உலர்த்துவதில்லை. கேலிக் மொழியில் அவர்கள் அந்நாளுக்கு வழங்கும் பெயரே ஓய்வுநாள் என்பதுதான். சபைகளில் ஒருவர் சங்கீதத்தின் வரியை எடுத்துக்கொடுக்க, வாத்தியங்கள் ஏதுமின்றிச் சபையார் சேர்ந்து பாடும் முறை இன்றும் இருக்கிறது.

இந்த அமைதி வாக்குவாதம் இல்லாமல் நிலைத்ததன்று. 2009 ஜூலையில் ஸ்டோர்னவேயிலிருந்து முதன்முறையாக ஞாயிற்றுக்கிழமைக் கப்பல் புறப்பட்டபோது, ஒருபுறம் ஜனங்கள் கைதட்டி வரவேற்றார்கள். மறுபுறம் சிலர் துறைமுகத்தில் நின்று ஜெபித்தார்கள். 2024 நவம்பரில் அங்குள்ள பெரிய டெஸ்கோ அங்காடியும் ஞாயிறன்று திறக்கத் தொடங்கியது. சனிக்கிழமை வரை உழைக்கிறவருக்கு ஞாயிறு ஒன்றே கடைக்குச் செல்லக்கூடிய நாள். பெருநிலத்தில் வாழும் உறவினரை வாரக்கடைசியில் கண்டு திரும்ப விரும்புகிறவருக்குக் கப்பல் வேண்டும். இவர்கள் தேவையையும் அற்பமென்று தள்ளிவிட முடியாது. ஆனால் கப்பல் புறப்பட்டால் மாலுமி வேலைக்கு வரவேண்டும். கடை திறந்தால் கல்லாவில் ஒருவர் அமரவேண்டும்.

பிரியமானவர்களே, நாம் கவனிக்க வேண்டியது இதுவே. ஒருவருடைய ஓய்வு பல வேளைகளில் மற்றொருவருடைய உழைப்பின்மேல் நிற்கிறது. அத்தீவின் வழக்கத்திற்கு வேராகிய ஓய்வுநாள் கட்டளையை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். அது வீட்டு எஜமானோடு நின்றுவிடவில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலுக்குள் தங்கும் அந்நியன் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுகிறது. சனிக்கிழமையே ரொட்டி வாங்கி வைக்கும் பிரயாணி, முன்பின் அறியாத ஒரு கடைக்காரப் பெண் மறுநாள் தன் பிள்ளைகளோடு இருக்க இடங்கொடுக்கிறார்.

நாம் ஸ்காட்லாந்துக்குப் பிரயாணம் செய்ய வேண்டியதில்லை. சனிக்கிழமை இரவே கொஞ்சம் ஆயத்தம் செய்தால், ஞாயிறன்று குடும்பத் தலைவியும் அடுப்படியை விட்டு எல்லாரோடும் உட்காரலாம். பாத்திரம் துலக்க வருகிற சகோதரிக்குக் கூலியைக் குறைக்காமல் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கொடுக்கலாம். குடியிருப்பின் வாசலில் இரவும் பகலும் நிற்கிற காவலாளியும் நம்மைப்போலவே ஊரையும் உறவையும் விட்டுப் பிழைக்க வந்தவர்தான். அவருக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்று இந்த வாரமாவது கேட்டுப் பாருங்கள்.