முதல் ஆர்டர் உள்ளூரில் கிடைக்க வேண்டும்: கொங்கு மண்டலத் தொழில்நுட்ப நிறுவனங்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறைக்கும், எங்கள் பகுதியில் ஆக்சிலரேட்டர் (புதிய நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் பயிற்சி) திட்டங்களை நடத்தும் கல்லூரிகள், அறக்கட்டளைகள், தனியார் நிறுவனங்களுக்கும், மாவட்டத் தொழில் சங்கங்களுக்கும்:

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் சிறிய தொழில்நுட்ப நிறுவனங்களைத் தொடங்கி நடத்தி வருகிறோம். எங்களில் பலர் மண்டல அளவிலான ஆக்சிலரேட்டர் திட்டங்களில் சேர்ந்து, முழுதாக முடித்தவர்கள். கம்பெனிப் பதிவு, ஜிஎஸ்டி, காப்புரிமை விண்ணப்பம் என்று தடுமாறியபோது அங்கேதான் கை கொடுத்தார்கள். அந்த நன்றி எங்களுக்கு உண்டு. திட்டங்கள் நிலைக்க வேண்டும், இன்னும் உருப்படியாக நடக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

2016 ஜனவரியில் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா திட்டம் தொடங்கியது. 2021இல் 945 கோடி ரூபாயில் அதன் விதை நிதித் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் புத்தொழில்களுக்கான டான்சீட் மானியம் இருக்கிறது. மதுரை, ஈரோடு, திருநெல்வேலியில் மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் மண்டல மையங்கள் வந்துள்ளன. தொடங்குவதற்கான பணத்துக்கு வழி முன்பைவிடக் கூடியிருக்கிறது. நாங்கள் திணறுவது அடுத்த படியில். செய்த பொருளைக் காசு கொடுத்து வாங்கும் முதல் வாடிக்கையாளர் கிடைப்பதில்லை.

எங்கள் அனுபவம்

எங்களில் ஒரு நிறுவனம், விசைத்தறி எப்போது நிற்கிறது, எதனால் நிற்கிறது என்று சொல்லும் கருவி ஒன்றைச் செய்தது. மேசைமேல் அது ஒழுங்காக ஓடியது. சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்கூடத்தில் மாட்டியபோதுதான் அதன் குறைகள் தெரிந்தன. பறக்கும் பஞ்சு சென்சாரின் கண்ணை அடைத்தது. பாவு இழை அறுந்து தறி நின்றதா, ஊடை தீர்ந்து நின்றதா, கரண்ட் போய் நின்றதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாத கருவியால் தறிக்காரருக்கு என்ன பயன்?

அதைவிடப் பெரிய சிக்கல் பணம் யார் கொடுப்பது என்பது. அங்கே தறிக்காரர்களில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் தருவது. நெய்த துணிக்குக் கூலி. கூலி உயர்வுக்கே தறிகளை நிறுத்திப் போராட வேண்டியிருக்கிற ஊரில், கருவியை வாங்கச் சொல்லி யாரிடம் கேட்பது? தறிக்காரரிடமா, உற்பத்தியாளரிடமா? எங்கள் தொழில் நிற்பதும் விழுவதும் இந்தக் கேள்வியில்தான்.

ஆக்சிலரேட்டரில் இதைப் பேச ஆள் இல்லை. நாடு முழுவதும் சந்தை எவ்வளவு, மாதச் சந்தா எத்தனை டாலர் என்று மென்டார்கள் கேட்டார்கள். முதலீட்டாளர்களுக்குக் காட்டும் பிட்ச் டெக்கை வாரந்தோறும் திருத்தினோம். தறிக்கூடத்தில் நிற்க வேண்டிய நாட்கள் ஏசி அரங்கில் கழிந்தன. திட்டத்தின் நிறைவு நாளான டெமோ டே அன்று சால்வை, ஷீல்டு, குழுப் படம் எல்லாம் இருந்தன. அது முடிந்த பிறகு எங்கள் போனை எடுக்க ஆள் இல்லை.

பம்ப்செட், பவுண்டரி, சாயப்பட்டறை, கோழிப்பண்ணை என்று வேறு வேறு துறைகளில் இருக்கும் எங்களில் மற்றவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். ஆகவே கேட்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

1. திட்டத்தின் வெற்றியை ஆர்டரை வைத்து அளக்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சி பேட்சிலும் எத்தனை நிறுவனங்களுக்குப் பணம் தரும் வாடிக்கையாளர் கிடைத்தார், இரண்டு ஆண்டு கழித்து எத்தனை நடக்கின்றன, மூடியவை எதனால் மூடின என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இந்தக் கணக்கைக் காட்டாத திட்டத்துக்கு அரசு நிதி தரக் கூடாது.

2. பாதி நாட்கள் களத்தில் கழிய வேண்டும். தறிக்கூடம், பவுண்டரி, சாயப்பட்டறை, பண்ணை ஆகியவற்றோடு பேட்ச் தொடங்கும் முன்பே ஒப்பந்தம் போட வேண்டும். சோதனை ஓட்டத்துக்கும் சிறு தொகையாவது கட்டணம் உண்டு என்று அதில் எழுத வேண்டும். இலவசமாக வாங்கிய கருவி பல இடங்களில் மூலையில்தான் கிடக்கிறது. காசு கொடுத்தவர்தான் குறையைக் கூப்பிட்டுச் சொல்கிறார்.

3. தொழில் தெரிந்தவர்கள் மென்டார்களாக வர வேண்டும். தறி ஃபிட்டர், பவுண்டரி சூப்பர்வைசர், சாயப்பட்டறை மேலாளர் சொல்லும் ஒரு வார்த்தை எங்களுக்குப் பல மாத வேலையை மிச்சப்படுத்தும். பெருநகரத்து ஆலோசகருக்குத் தரும் மதிப்பூதியத்தையே இவர்களுக்கும் தர வேண்டும்.

4. பணம் போடாதவர்களுக்குப் பங்கு கிடையாது. உலகம் பார்த்துப் பின்பற்றும் அமெரிக்க ஆக்சிலரேட்டரான ஒய் காம்பினேட்டர், 1.25 லட்சம் டாலர் போட்டுத்தான் 7 சதவீதப் பங்கு எடுக்கிறது. இங்கே பயிற்சி வகுப்புக்கும் உட்காரும் இடத்துக்கும் ஈடாகவே பங்கு கேட்கப்பட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு. பங்கு ஒப்பந்தம் தமிழிலும் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு 15 நாள் முன்பே தர வேண்டும். சொன்ன உதவி வராவிட்டால் பங்கு எங்களிடமே திரும்ப வேண்டும்.

5. தவணைகள் தேதி தவறாமல் வர வேண்டும். 2021இன் மத்திய விதை நிதித் திட்டம், 20 லட்சம் ரூபாய் வரையிலான மானியத்தை வேலை முடிய முடியத் தவணையாகத் தரும்படி அமைந்தது. அந்த முறை சரியானதே. ஆனால் அறிக்கை கொடுத்தபின் ஆய்வுக்கு யாரும் வராமல் மாதங்கள் ஓடினால் பொறியாளருக்குச் சம்பளம் போட முடியாது. மானியம் எதுவானாலும், அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பணமோ, எழுத்தில் காரணமோ வேண்டும்.

6. வாங்கியவர்கள் 45 நாளில் பணம் தர வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் இந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் கையில் இருக்கும் ஒரே வாடிக்கையாளர்மேல் யார் புகார் கொடுப்பார்கள்? அதனால் இந்தப் பொறுப்பை ஆக்சிலரேட்டர் ஏற்க வேண்டும். பணத்தை இழுத்தடிக்கும் வாடிக்கையாளர் நிறுவனத்தை அடுத்த பேட்சின் களச் சோதனையில் சேர்க்கக் கூடாது.

7. அரசும் வாங்க வேண்டும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள், புத்தொழில் நிறுவனங்களுக்கு முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளைத் தளர்த்த இடம் தருகின்றன. மாநகராட்சி, நகராட்சி, மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், கூட்டுறவு நூற்பாலை ஆகிய ஒவ்வொன்றும் தன் தீராத சிக்கல்களை ஆண்டுதோறும் பட்டியலிட்டு, சிறு சோதனைக்கென்று தனி நிதி ஒதுக்க வேண்டும்.

8. தமிழுக்கும் பெண்களுக்கும் வாசல் திறக்க வேண்டும். விண்ணப்பமும் நேர்காணலும் தமிழில் நடக்க வேண்டும். கருவியைச் செய்யத் தெரிந்தவர் ஆங்கிலத்தில் பேசத் தெரியாததால் வெளியே நிற்கக் கூடாது. குழந்தை வைத்திருக்கும் பெண் நிறுவனர்கள் பயிற்சிக்காக வாரக்கணக்கில் வெளியூரில் தங்க முடியாது. அவர்களுக்கு வகுப்பு அவரவர் மாவட்டத்தில் நடக்க வேண்டும். பயணப்படி, குழந்தைக் காப்பக வசதி வேண்டும்.

எங்கள் உறுதிமொழி

கேட்பதோடு நாங்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. வாங்கிய மானியத்துக்கு ரூபாய்க்கு ரூபாய் கணக்கு காட்டுவோம். களத்தில் தோற்ற சோதனைகளையும் மறைக்காமல் பகிர்வோம். எங்களில் நிலைபெற்றவர்கள் அடுத்த பேட்சுக்கு மென்டார்களாக வருவோம். எங்கள் வாடிக்கையாளர்களை அவர்களுக்கு அறிமுகம் செய்வோம்.

அடுத்த பேட்சுக்கான அறிவிப்பு வெளியாகும் முன், இந்த எட்டுக் கோரிக்கைகளுக்கும் ஒவ்வொன்றாக எழுத்தில் பதில் வேண்டும். ஏற்க முடியாததை ஏன் முடியாது என்று சொல்லுங்கள். உட்கார்ந்து பேசத் தயாராக இருக்கிறோம். ஏற்றுக்கொண்டதை விண்ணப்பப் படிவத்திலும் ஒப்பந்தத்திலும் அச்சிடுங்கள். அச்சில் வந்த வாக்கை நம்பி எங்கள் பிள்ளைகளும் இங்கேயே தொழில் தொடங்குவார்கள்.

இப்படிக்கு,
கொங்கு மாவட்டங்களின் தொழில்நுட்பப் புத்தொழில் முனைவோர்