எச்சரிக்கை வேறு, ஆயத்தம் வேறு

"நாம் எச்சரித்தோம், மக்கள் கேட்கவில்லை." அனர்த்தம் ஒவ்வொன்றின் பின்னரும் அதிகாரிகள் கூறும் நியாயம் இது. 30 வருட காலப் பத்திரிகைத் தொழிலில் இதனை எத்தனை தடவைகள் கேட்டிருப்பேன்!

கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மலைப்பகுதியில் 2023 பெப்ரவரியில் வீசிய பனிப்புயலை எடுத்துக்கொள்வோம். எச்சரிக்கை முன்கூட்டியே விடுக்கப்பட்டிருந்தது. ஆனால், சில இடங்களில் 100 அங்குலத்துக்கும் மேலாகக் குவிந்த பனியை வழமையான பனியகற்றும் வாகனங்களால் தள்ள முடியவில்லை. அள்ளி ஏற்றிச்செல்லும் கனரக இயந்திரங்கள் தேவைப்பட்டன. கிரெஸ்ட்லைன் என்ற ஊரில் பலசரக்குக் கடையின் கூரையே பாரம் தாங்காமல் இடிந்து வீழ்ந்தது. ஆளுநர் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்ததோ மார்ச் 1ஆம் திகதிதான். பலர் ஒரு வாரத்துக்கும் மேலாக வீடுகளில் சிறைப்பட்டிருந்தனர். அயலவர்களே உணவைச் சுமந்து நடந்தனர்.

உணவும் மருந்தும் சேமிப்பது குடிமக்களின் கடமை என்பதை மறுப்பதற்கில்லை. வாசலில் விழும் பனியை அவர்கள் அள்ளுவார்கள். வீதியில் ஆளுயரத்துக்குக் கிடக்கும் பனியை யார் அள்ளுவது? இயந்திரங்களைப் புயலுக்கு முன்னரே மலைக்கு ஏற்றுவதும், தனித்து வாழும் முதியோரின் விபரங்களைத் திரட்டி வைப்பதும் யாருடைய பொறுப்பு?

அறிக்கை விடுப்பதற்குச் செலவில்லை. ஆயத்தத்துக்குச் செலவுண்டு. வேறுபாடு அவ்வளவே.