சிசுருஷைக்கும் ஒரு வகுப்பறை வேண்டும்

செஞ்சி வட்டத்தில் அனந்தபுரம் என்றொரு பேரூராட்சி உண்டு. கோட்டையைக் காண வரும் யாத்திரிகர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. வந்தாலும், நெல்லும் மல்லாட்டையும் விளையும் கழனிகளையும், பிழைப்புத் தேடிச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களையும் தவிர அவர்களுக்குக் காட்ட நம்மிடம் அதிகமாக ஒன்றுமில்லை. 2011ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 8.6 பேர், தமிழகத்திலோ 10.4 பேர். அதன் பிறகு பிறப்பு விகிதமும் இறங்கியிருப்பதால், இந்த வித்தியாசம் இனி வளருமே ஒழியக் குறையப்போவதில்லை. அந்த முதியவர்களில் ஒருவர் நாளை பக்கவாதத்தால் படுத்துவிட்டால், அவரைத் தூக்கி உட்கார வைக்கவும், மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கவும், எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்று கண்டறியவும் தெரிந்த ஒருவர் அந்தத் தெருவில் இருக்கிறாரா என்பதே என் கேள்வி.

இக்கேள்விக்கு நம் பள்ளிக்கூடங்கள் என்றைக்கோ விடை சொல்லியிருக்க வேண்டும். 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி பிறந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே பிறந்தது; அப்பிரிவின் பாடங்களில் செவிலியமும் இடம்பெற்றது. அதே ஆண்டில், வேலூரில் பிறந்த பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷய்யாவின் தலைமையில் கூடிய தேசியக் குழு, செய்யக் கற்பதும் கல்வியே என்னும் கருத்தை நாட்டின் முன் வைத்தது. 1986இன் தேசியக் கல்விக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போய், 1995ஆம் ஆண்டுக்குள் மேல்நிலை மாணவர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத் தொழிற்கல்விக்குத் திருப்புவதாக லட்சியம் கூறியது. லட்சியம் காகிதத்தோடு நின்றது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பார்த்து, "சயின்ஸ் குரூப் கிடைக்காது, வேண்டுமானால் வொகேஷனலில் சேர்" என்று சொல்லும் வழக்கம் மட்டும் நிலைத்தது. நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு வித்தையை, வேறு எதற்கும் லாயக்கில்லாதவர்களுக்கு என்று ஒதுக்கி வைக்க நமக்கு எப்படித்தான் மனம் வந்ததோ!

அந்த வித்தை அற்பமானதன்று. படுத்த படுக்கையான ஒருவரின் உடலில் படுக்கைப்புண் எங்கெங்கே வரும் என்று கேட்டால், நன்றாகப் படித்த மகனே பெரும்பாலும் விழிப்பான். குதிகால், இடுப்பெலும்பின் முனை, முதுகுத்தண்டின் கீழ்நுனி என எலும்பு தோலை ஒட்டியிருக்கும் இடங்களில் உடலின் பாரம் மணிக்கணக்கில் அழுந்த, அங்கே ரத்த ஓட்டம் தடைப்பட்டு, முதலில் சிவந்து, பிறகு தோல் உரிந்து, கவனியாது விட்டால் எலும்புவரை குழி விழுந்துவிடும். இதைத் தடுக்க விலையுயர்ந்த மருந்து எதுவும் தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், அப்படி மாற்றும்போது உடம்பைத் தரதரவென்று இழுக்காமல் அடியில் விரித்த துணியோடு தூக்கி நகர்த்த வேண்டும், ஈரம் தங்காமல் துடைக்க வேண்டும். படிக்க இவ்வளவுதான், ஆனால் கை பழக மாதங்கள் பிடிக்கும், அருவருப்பு நீங்க அதற்கு மேலும் பிடிக்கலாம். பதினாறு வயதில் இதைச் சிரத்தையோடு பழகிய பிள்ளையை மதிப்பெண் குறைந்தவர் என்று எண்ணுவது அறியாமை.

இந்தப் பிரதேசத்துக்கு இதில் ஒரு பழைய பாத்தியதையும் உண்டு. செஞ்சிக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் திண்டிவனத்தில்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் பெண் வைத்தியர் இன்றி மாண்டதைக் கண்டு, அமெரிக்கப் பாதிரியார் குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடர் மருத்துவம் பயிலத் தீர்மானித்தார். இந்தக் கதையைப் பலரும் சொல்வதுண்டு. சொல்லாமல் விடுவது அதன் பிற்பகுதியை. வேலூரில் அவர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918இல். செவிலியர் பயிற்சியோ அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1909இல், அங்கே தொடங்கிவிட்டது. இன்னும் பின்னோக்கிப் போனால், வீரராஜேந்திர சோழனின் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, வேதம் பயிலும் மாணாக்கர்கள் தங்கிய கோயிலை ஒட்டிப் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று நடந்ததையும், வைத்தியருக்கும் சல்லியக்கிரியை செய்வாருக்கும் மட்டுமன்றி நோயாளிகளைக் கவனித்த பெண்களுக்கும் ஊதியம் விதித்திருந்ததையும் தெரிவிக்கிறது. பாடசாலையும் வைத்தியசாலையும் அருகருகே இருந்தது நமக்குப் புதிதல்ல.

பின் ஏன் பெற்றோர் தயங்குகிறார்கள்? தயக்கத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். பி.எஸ்ஸி. நர்சிங் படிக்க இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும் என்பது விதி; பள்ளியிலேயே செவிலியம் பயின்ற பிள்ளைக்கு அம்மூன்றும் ஒருசேர அமைவதில்லை. ஆக, நோயாளியின் நாடியைத் தொட்டறியாதவர்களுக்குத் திறக்கும் கதவு, தொட்டுப் பழகியவர்களுக்கு மூடிக்கொள்கிறது. இந்த விபரீதத்தைச் சரிசெய்யாமல் பிள்ளைகளிடம் சேவை மனப்பான்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில் பயனில்லை. ஓராண்டு இணைப்புப் படிப்பு ஒன்றை ஏற்படுத்தி, அதில் விட்டுப்போன விஞ்ஞானப் பாடங்களைக் கற்பித்து, தேறியவர்களைப் பட்டப்படிப்பில் சேர்ப்பது அரசுக்கு அசாத்தியமான காரியமல்ல.

படித்தவர்களுக்கு வேலை எங்கே என்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள்; படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வருகிறது. வேலை கண் முன்னே இருக்கிறது. அதை முறையாகக் கற்று, முறையான சம்பளம் வாங்கிச் செய்பவர்கள்தான் வேண்டும். ஆண்பிள்ளைகளும் வேண்டும், எண்பது கிலோ எடையுள்ள தாத்தாவைத் தூக்கிப் படுக்க வைப்பது பெண்களின் தலையெழுத்து என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

பள்ளிக் கல்வித் துறையாரை வேண்டிக்கொள்வது இதுதான்: அனந்தபுரத்தைப் போன்ற சிற்றூர்களின் மேல்நிலைப் பள்ளிகளில் செவிலியப் பிரிவைத் திறவுங்கள், நர்சிங் படித்தவர்களையே அதற்கு ஆசிரியர்களாக நியமியுங்கள், வாரத்தில் ஒரு நாளேனும் மாணவர்கள் செஞ்சி அரசு மருத்துவமனையின் வார்டில் நின்று பழக ஏற்பாடு செய்யுங்கள், மேற்படிப்புக்கான இணைப்புப் பாதையை முதல் மாணவர் பிளஸ் டூ முடிப்பதற்குள் அமைத்துக் கொடுங்கள்.