பறைக்கு மேடை, அடிப்பவருக்கு?

ரெகே இசையை நம் இளைஞர்கள் பலர் பாப் மார்லி படம் போட்ட பனியன் வழியாகத்தான் அறிவார்கள். அந்த இசையின் அடியில் ஒரு சேரி முரசு இருக்கிறது.

ஜமைக்காவில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த ராஸ்தஃபாரி மக்கள் அடித்தது நையபிங்கி முரசு. மேட்டுக்குடியினர் அதை இழிவாகவே பார்த்தார்கள். 1960வாக்கில் கவுண்ட் ஓசி குழுவின் முரசு 'ஓ கரோலினா' பாடலில் இசைத்தட்டு ஏறியது. ஆனால் 1963இல் கோரல் கார்டன்ஸ் மோதலைச் சாக்கிட்டு அரசு ராஸ்தஃபாரிகளைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்து வதைத்தது. அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2017இல்தான். மறு ஆண்டே யுனெஸ்கோ ரெகேவை மானுடப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. முரசு மேடையேறியதாலேயே அடித்தவர் விடுதலை பெற்றுவிடவில்லை.

இதை ரெகே கலைஞர்கள் அறிந்திருந்தார்கள். பின்னால் நின்ற பாஸ் கிட்டாரை முன்னால் கொண்டுவந்தார்கள். 'ஒன் டிராப்' தாளத்தில் முதல் தட்டை வெறுமையாக விட்டு, மூன்றாம் தட்டில் பாரத்தை இறக்கினார்கள். அந்த ஒலியோடு கோரிக்கையும் சேர்ந்தே வந்தது. பர்னிங் ஸ்பியர் 1975இல் தன் ஆல்பத்துக்கு 'மார்கஸ் கார்வி' என்று பெயரிட்டார். பீட்டர் டோஷ் 1977இல் வைத்த பெயர் 'சம உரிமைகள்'.

நம் பறையும் இன்று கல்லூரி விழாக்களில், கட்சி மாநாடுகளில் ஒலிக்கிறது. 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் 'தமிழர் இசை' என்று பெருமை பேசுவோர், சாவுக்கு அடிக்க மறுத்ததற்காகத் தாக்கப்பட்ட சேரிகளைப் பேசுவதில்லை. பறையை அடித்ததைப் போலவே, அடிக்க மறுத்ததும் பறையின் வரலாறுதான்.

புதுக்கோட்டையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீதே குற்றம் சுமத்தியது. அதை ஏற்க மறுத்து மக்கள் சிபிஐ விசாரணை கேட்டார்கள். நம் மாவட்டத்துப் பறை மேடைகளில் இந்தக் கோரிக்கை எத்தனை முறை ஒலித்தது?

கட்டாய உழைப்பு வாங்குவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. சாவுக்குப் பறையடிக்க வற்புறுத்துவதும் கட்டாய உழைப்பே. மறுப்பவர் புகார் கொடுக்கும் நாளில் அவரோடு காவல் நிலையம் வரை போக வேண்டியவர்கள், மேடையில் பறை அடித்துக் கைதட்டு வாங்கும் நாம்தான்.