தேய்த்தால் போகாத சொரசொரப்பு

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் பல கிணற்று நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் சிமெண்ட் ஆலைகள் வந்தன. அதே கல்லின் கால்சியம் கரைந்து நிலத்தடி நீரையும் கடினமாக்கிற்று. அந்நீரில் சோப்பு கரையாத கசடாகித் தோலில் படிகிறது. படிந்ததைப் போக்க மேலும் சோப்பு, மேலும் தேய்ப்பு.

இந்தத் தேய்ப்பை எதிர்த்தே எழுதுகிறேன். மேற்கையின் பின்புறத்திலும் தொடையிலும் பொரிப்பொரியாக, தொட்டால் உப்புத்தாள் போலிருக்கும் தோல் பதின்வயதினர் பலருக்கு உண்டு. மருத்துவர்கள் இதைக் கெரட்டோசிஸ் பிலாரிஸ் என்பர். கெரட்டின் என்னும் புரதம் மயிர்க்கால்களின் வாயை அடைத்துக்கொள்வதால் வருவது. பெரும்பாலும் பரம்பரை வழி. தொற்றாது, தீங்குமில்லை. நம் வீடுகளிலோ அதன் பெயர் அழுக்கு. பீர்க்கங்கூட்டாலும் குதிகால் தேய்க்கும் கல்லாலும் உரசி, சிவந்து எரியும் கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிற பெண்ணை அதற்குப் பிறகு யாரும் கவனிப்பதில்லை. பெண் பார்க்க வருவோர் கவனிப்பார்கள் என்ற அச்சம் மட்டும் வீட்டிலிருக்கும். (எனக்கு இதில் கோபம் சற்று அதிகம்தான்.)

எல்லாச் சொரசொரப்பும் ஒன்றல்ல. இலங்கையில் பணியாற்றிய மருத்துவர் லூசியஸ் நிக்கல்ஸ் 1933இல், ஊட்டக்குறைவால் வரும் ஒன்றுக்குத் தேரைத்தோல் எனப் பொருள்படும் ஃபிரைனோடெர்மா என்ற பெயரைச் சூட்டினார். முழங்கையிலும் முழங்காலிலும் தடித்துத் தெரியும் அதற்கு மருந்து சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. ஈரச் சிமெண்டைக் கையாளும் கொத்தனாரின் கை வெடிப்பு வேறு. காரத்தாலும் குரோமிய ஒவ்வாமையாலும் வருவது. அவருக்கு வேண்டியது கையுறையும் மருத்துவரும்.

பரம்பரைச் சொரசொரப்புக்கு வேண்டியது மிகக் குறைவு. இளஞ்சூட்டு நீரில் சுருக்கமான குளியல். கைகால்களுக்குச் சோப்பு மிகக் கொஞ்சம், அதுவும் காரமற்றது. துண்டால் துடைக்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் வாசலின் தடவலாம். யூரியாவோ லாக்டிக் அமிலமோ கலந்த களிம்பு அடைப்பை மெல்ல இளக்கும். உரசிப் புண்ணான இடத்தில் எரியுமாதலால் புண் ஆறும்வரை பொறுக்க வேண்டும். பலன் தெரியச் சில வாரங்களாகும். நிறுத்தினால் சொரசொரப்பு திரும்பும். வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகவே குறைந்துவிடுகிறது. அதுவரை அரைக்கைச் சட்டை போட்டுக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.